சுவருக்கு அந்தப் பக்கம் ஜாஸியா

வியாழக்கிழமை மருமகள் வருகிறாள், தறியோடு. தறி நிற்க ஓர் அறை இல்லையென்றால் பெண்வீட்டார் அவளை ஒட்டகத்திலிருந்து இறக்கமாட்டார்கள். இன்று செவ்வாய்.

அந்த ஊரில் வீடுகள் தரைக்குக் கீழே; நடுவே குழியாக முற்றம், அதன் சுவர்களில் குடைந்த அறைகள். தங்கள் முற்றக் குழியின் மேற்குச் சுவரில் ஸாலிஹாவும் அவள் கணவன் ஹமீஸும் பதினெட்டு நாளாகக் குடைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போகப் போக மண் குளிர்ந்தது. வெயிலும் ஊரும் எங்கோ மேலே நின்றுவிட்டன. கொத்தும் ஓசை வேறு யாருடைய தூக்கத்துக்குள்ளோ விழுவதுபோல் கேட்டது.

"இன்னும் ஒரு முழம்," என்றாள் ஸாலிஹா.

"உன் மருமக கம்பளம் நெய்ய வர்றாளா, கப்பல் கட்ட வர்றாளா?" என்றபடி ஹமீஸ் கடப்பாரையை ஓங்கினான்.

அது கைப்பிடிவரை உள்ளே போயிற்று. உருவியதும் துளைவழியே ஒலிவ எண்ணெய் மணம் வந்தது. கூடவே நூல்போல ஒரு வெளிச்சம். தூசி அதில் மெல்ல நீந்தியது.

பக்கத்து வீட்டு ஜாஸியாவின் சரக்கறை.

நான்கு வருஷத்துக்கு முன் ஸாலிஹாவின் ஆடு மேலே மேய்ந்தபடியே ஜாஸியாவின் முற்றத்துக்குள் விழுந்து, வருஷத்துக்கென்று காயவைத்திருந்த கூஸ்கூஸ் என்ற கோதுமைக் குருணையைக் கவிழ்த்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அடுத்தவர் அறையை உடைத்தவர் தன் பக்கத்தில் ஒரு முழக் கனத்தில் சுவர் எழுப்பி மூடவேண்டும் என்பது ஊர் வழக்கம். மூடினால் தறி நிற்காது.

"யாரது? எலியா, ஹமீஸா?"

"நாங்கதான் ஜாஸியா," என்றாள் ஸாலிஹா.

"மொதல்ல ஆட்டை அனுப்புனீங்க. இப்ப நீங்களே வர்றீங்களாக்கும்."

ஹமீஸ் சிரிப்பை இருமலாக்கினான்.

"வியாழக்கிழமை கல்யாணம்..."

"தெரியாமலா? பத்து நாளா என் காதுலதான கொத்துறீங்க! இதோ வந்துருவாங்கன்னு நேத்தே ஜாடியெல்லாம் நகர்த்திட்டேன்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

"பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேனே!"

துளையில் ஜாஸியாவின் கண் தெரிந்தது.

"எவ்வளவு எடம் வேணும்?"

"ஒரு முழம்."

"சரி, நீங்க மூடவேணாம். சுவர் என் பக்கம் எழும்பட்டும், ஜாடி கொஞ்சம் நெருங்கி நிக்கும். மண் குழைக்கத் தண்ணிய மட்டும் நீ சுமந்துட்டு வா."

சாயங்காலத்துக்குள் துளை உள்ளங்கையளவு ஆயிற்று. பிறகு ஒரு கண்ணளவு. பிறகு அதுவும் இல்லை. ஈர மண்ணை ஸாலிஹா இந்தப் பக்கம் தடவினாள். அந்தப் பக்கத்துக் கை அழுத்தும்போதெல்லாம் மண் அவள் கையின்கீழ் லேசாக அசைந்தது.

"ஏய், மெதுவா தேய். உன் கை இங்க வந்துரும்."

ஸாலிஹா கையை எடுக்காமல் நின்றாள்.

"ஹமீஸ்," என்றாள், "தறி நிக்கும்."