நேர்ந்துவிட்ட மோட்டர்

குமுதாவின் இடது கால் பிழைத்ததற்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினார்கள். முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்துத் தைத்த டாக்டர் ஒருவர். ஏறு, இறங்கு, இன்னொரு தடவை ஏறு என்று உயிரை வாங்கிய ஃபிசியோ பெண் ஒருத்தி. மூன்றாவது ஆள், கிள்ளானில் லோரி யார்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரையின் கீழே பெரிய மீசையோடு உட்கார்ந்திருக்கும் முனீஸ்வரர். லிஃப்ட் கெட்டுப்போன அடுக்குமாடி வீட்டில், நான்காவது மாடிக்கு எட்டு மாதமாக அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு ஏறியவள் குமுதா. அவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

முனீஸ்வரருக்கு இதில் பங்குண்டு என்பதே அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. காலையில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சூப்பர்வைசர் ஷாமினி கூப்பிட்டாள். குமுதாவுக்கு அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் டிஸ்பேட்ச் வேலை. கிள்ளான் கிளினிக்குகளில் எடுத்த இரத்தத்தைப் பெட்டியில் வைத்து, மோட்டர் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பதினோரு வருடமாகச் சேர்த்தவள்.

"அக்கா, இந்த வாரத்தோட உங்க எம்சி லீவு முடியுது. திங்கக்கெழமை என்ன செய்றீங்க? கவுண்டர் வேணும்னா கவுண்டர். உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டற வேலைதான், சம்பளம் அதேதான். கிள்ளான் ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டா பிறகு திரும்பக் கேக்க முடியாதுலா. சனிக்கெழமைக்குள்ள சொல்லுங்க."

இரவுச் சாப்பாட்டின்போது குமுதா புருஷனிடம் சொன்னாள். பரமேஸ்வரன் லோரி ஓட்டுபவன். துறைமுகத்திலிருந்து இரும்புக் குழாய் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன்.

"ரூட்டையே எடுத்துக்கறேன்னு சொல்லப்போறேன்."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"வேண்டிக்கிட்டேன்," என்றான் அவன், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

விபத்து நடந்த அன்று, காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதும், அவன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முனீஸ்வரரிடம் ஓடியிருக்கிறான். இந்தக் கால் தங்கினால் இனிமேல் அவள் மோட்டரில் ஏறமாட்டாள் என்று தலையிலடித்துச் சொல்லியிருக்கிறான். கால் தங்கிவிட்டது. அதோடு பேச்சு முடிந்தது என்பது அவன் கட்சி.

"யாரு ஏறமாட்டா?"

"நீதான்."

"நான் எப்ப வேண்டிக்கிட்டேன்?"

"நீ மயக்கத்துல இருந்த."

"மயக்கத்துல கெடந்தவ பேர்ல வாக்கு குடுக்க நீங்க யாரு? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைச்ச கதையால்ல இருக்கு!"

"சாமி விஷயத்துல வெளையாடாத குமுதா."

"வெளையாடறது நானா? மொட்டை போடறேன்னு வேண்டியிருக்கலாம். உங்க தலை, உங்க முடி. எம் மோட்டர்தான் கெடைச்சுதா உங்களுக்கு?"

பரமேஸ்வரன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். நாற்பத்தைந்து வயதிலும் நெற்றியில் வந்து விழும் முடி அவனுக்கு. அதைத் தினமும் எண்ணெய் தடவி வளர்ப்பவன்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அடுக்குமாடி முழுக்க விஷயம் பரவியது. கீழ்வீட்டு லெட்சுமி அக்கா மாடியேறி வந்து, "பட்ட காலிலேயே படும்டி, சாமி குத்தம் வேற சேந்துடும்," என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனாள். நாத்தனார் போனில் அழுதாள். ஆட்டை நேர்ந்துவிடுவார்கள், கோழியை நேர்ந்துவிடுவார்கள். ஆட்டிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் குமுதா ஆடு இல்லை. நாற்பத்தொரு வயது மனுஷி, மோட்டர் ஓட்ட பி2 லைசென்ஸ் வைத்திருப்பவள்.

அந்த லைசென்ஸ் வருவதற்கு முன்னால் அவள் வாழ்க்கையில் பாதி காத்துக்கொண்டிருப்பதிலேயே போயிற்று. பள்ளிக்கூட வாசலில் அப்பாவுக்காக, டியூஷன் வாசலில் அண்ணனுக்காக, கல்யாணமான பிறகு கிளினிக் வாசலில் இவனுக்காக. இருபத்தேழு வயதில் தன் பெயரில் ஒரு சின்ன கப்சாய் மோட்டர் வாங்கினாள். அன்றிலிருந்து நினைத்த நேரத்துக்கு நினைத்த இடம். இந்த எட்டு மாதமாகத்தான் மறுபடியும், "இரு, நான் கொண்டு விடறேன்," என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அந்த "இரு" என்ற சொல் அவளுக்குக் கால்வலியை விடப் பெரிய வலியாக இருந்தது.

வியாழக்கிழமை, பரமேஸ்வரன் வேலைக்குப் போன பிறகு, அவள் கீழே இறங்கினாள். மோட்டர் துணி போர்த்தி நின்றது. நல்லபடியாகவே பழுது பார்த்து வைத்திருந்தான், விற்பதற்காக. துணியை உருவினாள். தூசி தட்டினாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

உடனே எல்லாம் வந்தது. ஃபெடரல் நெடுஞ்சாலை, பத்து தீகா ஊரைத் தாண்டி, மோட்டர் போகிற தனிப் பாதை. காலை வெயில் நெஞ்சில் படாமலிருக்க எல்லாரையும்போல ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாட்டியிருந்தாள். பெரிய சாலையில் போன ஏதோ லோரியிலிருந்து, சரக்குக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை ஒன்று எப்போதோ உருண்டு தடுப்பைத் தாண்டி விழுந்து கிடந்தது. வளைவில் அதைப் பார்த்தாள். பார்த்தது மட்டும்தான். பெட்டியில் இருந்த இரத்தக் குழாய் ஒன்றுகூட உடையவில்லை. அவள் கால்தான் இரண்டாக உடைந்தது.

இப்போது இஞ்சின்கூட ஓடவில்லை. ஆனாலும் உள்ளங்கை நனைந்து கைப்பிடி வழுக்கியது.  ஸ்டார்ட்டரை அமுக்க விரல் போகவே இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினாள். துணியைப் போர்த்தும்போதுதான் அந்த நினைப்பு வந்தது: வேண்டுதல் ஒன்று இருப்பது எவ்வளவு வசதி. சாமிக்குப் பயந்து விட்டுவிட்டாள் என்பார்கள். மோட்டருக்குப் பயந்துவிட்டாள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அந்த வசதிதான் அவளுக்குக் கோபத்தை மூட்டியது. பயம் என்றால் பயம் என்று சொல்லிவிட்டு இருக்கலாம். அடுத்தவன் வாக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதா? படியேறும்போது வழக்கமாக மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்குவாள். அன்று நிற்கவில்லை.

"நாளைக்கு முனீஸ்வரர் கோயிலுக்குப் போறோம்," என்றாள் அன்று மாலை. மனைவி வழிக்கு வந்துவிட்டாள் என்று பரமேஸ்வரனுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் வேலையிலிருந்து வரும்போதே தேங்காய், எலுமிச்சம்பழம், ஒரு கட்டுச் சுருட்டு எல்லாம் வாங்கி வந்துவிட்டான்.

யார்டு வரைக்கும் பத்து நிமிட நடை. அவளுக்கு இருபது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் என்பதால் இரண்டு மூன்று லோரிக்காரர்கள் முன்னமே நின்றார்கள். பூசாரி சுகுமாறன் பகலில் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சட்டையைக் கழற்றி விபூதி பூசிவிட்டால் பூசாரி.

"அண்ணே, இவரு என் பேர்ல ஒரு வேண்டுதல் வெச்சிருக்காரு. எனக்கு அது வேணாம்," என்றாள் குமுதா.

பரமேஸ்வரனின் கையில் இருந்த தேங்காய் அப்படியே நின்றது. சுகுமாறன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் சண்டை நம் தலையில் விடியக்கூடாதே என்ற பார்வை.

"பெரிய விஷயம் இல்லக்கா. ரெண்டு தேங்கா ஒடைச்சு, சுருட்டு வெச்சு, மன்னிப்புக் கேட்டுக்குங்க. முனி ஏத்துக்குவாரு."

"மன்னிப்பு எதுக்குண்ணே? வாக்கு குடுத்தாத்தான தவற முடியும்? நான் குடுக்கவே இல்ல."

சுகுமாறனை விட்டுவிட்டு அவள் நேராக மீசைக்காரரிடம் திரும்பினாள்.

"ஐயா, காலைக் காப்பாத்துனீங்க. சந்தோஷம். கும்புட்டுக்கறேன். ஆனா என்னைத் தள்ளுனது மோட்டர் இல்ல. லோரியிலேர்ந்து விழுந்த கட்டை. நிறுத்தணும்னா லோரியைல்ல நிறுத்தணும்? தெனமும் முப்பது லோரி உங்க வாசல்ல நின்னு எலுமிச்சம்பழம் வெச்சுட்டுப் போவுது. அதுல ஒருத்தன்கிட்டயாச்சும் சரக்கைக் கட்டுனியாடான்னு கேட்டீங்களா? கட்டாதவன் ஓட்டலாம், விழுந்தவ ஓட்டக்கூடாதா? இது என்ன ஞாயம்?"

கோயிலில் இப்படி யாரும் சத்தம் போட்டதில்லை. நின்றிருந்த லோரிக்காரர்களில் ஒருவர் மெல்லத் தலையைத் திருப்பித் தன் லோரியைப் பார்த்துக்கொண்டார். 

பரமேஸ்வரன் தேங்காயோடு படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அது என் கட்டையா இருக்கும்," என்றான்.

குமுதாவுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு ஏழு மணிக்கு நானும் அந்த வழியாத்தான் போனேன். லேட்டாயிடுச்சுன்னு கயிறு போடல. எறக்கறப்ப கட்டையை எண்ணிப் பாக்கவும் இல்ல. நீ விழுந்த சேதி வந்துடுச்சு. எண்ணுனா தெரிஞ்சிடும்னு பயம்."

"எல்லா லோரியும்தான் கட்டாமப் போவுது. உன்னோடதுன்னு என்னப்பா சாட்சி?" என்றார் சுகுமாறன்.

"இல்லன்னும் சாட்சி இல்லியே."

முதல் மாதங்களில் இவன் அவளைக் குளியலறைக்குத் தூக்கிப் போனான். இரவெல்லாம் விழித்திருந்து கால் பிடித்துவிட்டான். அதெல்லாம் பாசம் என்று அவள் நினைத்தாள். பாசமாகவும் இருக்கலாம். ஆனால் தன் மேல் இருந்த பயத்தை இவன் அவள் மோட்டர் மேல் ஏற்றிவிட்டு, முனீஸ்வரரைக் காவலுக்கு வைத்துவிட்டான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் முந்திக்கொண்டது. பதினேழு வருடக் கல்யாணத்தில் முதல் தடவையாக அவனை "நீ" என்றாள்.

"நீ கட்ட வேண்டியது கயித்தை. என் காலை இல்ல."

அவன் தேங்காயைக் கீழே வைத்தான்.

"எந்திரி. வேண்டிக்கணும்னா இப்ப வேண்டிக்க. உன்னோடத வெச்சு வேண்டிக்க."

 பரமேஸ்வரன் எழுந்து, முடியை ஒதுக்கிவிட்டு, கை கூப்பினான். "சரக்கைக் கட்டாம இனிமே லோரியை எடுக்கமாட்டேன்," என்றான். 

"உன் மொதலாளி தவுக்கே விடுவாரா? நேரமாவுதுன்னு கத்துவாரேலா," என்றார் சுகுமாறன்.

"கத்தட்டும். விடாட்டி வேற லோரி பாத்துக்கறேன்."

சுகுமாறன் சுருட்டைப் பற்றவைத்து முனீஸ்வரர் முன்னால் வைத்தார். புகை ஒழுங்காகவே மேலே போனது. இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். குமுதா அவனை மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அதற்கு நாளாகும், ஒருவேளை வருஷமாகும். சனிக்கிழமை காலை ஷாமினிக்குப் போன் போட்டு, "கிள்ளான் ரூட்டு என்னோடதுதான், யாருக்கும் குடுக்காத," என்றாள்.

திங்கட்கிழமை வந்தபோது ஒளிந்துகொள்ள வேண்டுதல் இல்லை, திட்டுவதற்குப் புருஷன் இல்லை. அவன் ஐந்தரைக்கே போய்விட்டான். மோட்டரும் அவளும் பயமும்தான். புது ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாட்டினாள். உள்ளங்கை நனைந்தது. பேன்ட்டில் துடைத்தாள். மறுபடி நனைந்தது. பயம் விட்ட பிறகு ஏறலாம் என்றால் இந்த ஜென்மத்தில் ஏற முடியாது என்று தெரிந்துவிட்டது. ஈர விரலாலேயே ஸ்டார்ட்டரை அமுக்கினாள்.

மூன்று கிளினிக்கில் பெட்டி நிரப்பிக்கொண்டு யார்டைக் கடந்தபோது ஏழரை. மற்ற லோரிகள் எப்போதோ போய்விட்டிருந்தன. ஒரே ஒரு லோரி நின்றது. அதன் மேல் பரமேஸ்வரன் வியர்த்து வழியக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கீழே தவுக்கே கைக்கடிகாரத்தைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துவிட்டான். கை அசைக்க முடியவில்லை, கயிறு இருந்தது. அவள் இரண்டு தடவை ஹார்ன் அடித்தாள். நிறுத்தவில்லை.

நெடுஞ்சாலையின் மோட்டர் பாதையில் நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போனார்கள். ஒருவன், "ஆன்டி, நடந்தே போகலாம்லா!" என்று கத்தினான். "போடா, ஆஸ்பத்திரியில எடம் காலியா இருக்கு!" என்று அவளும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள். பத்து தீகா பலகை வந்தது. பல்லைக் கடித்தாள். அந்த வளைவு, அந்த இடம், இதோ வரும், இதோ வரும் என்று தரையையே பார்த்துக்கொண்டு போனாள். வரவேயில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் சுபாங் பலகை நின்றது. எட்டு மாதம் கனவில் வந்த இடத்தை எப்போது தாண்டினாள் என்றே தெரியவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் பெட்டியை இறக்கி ஷாமினியிடம் கையெழுத்து வாங்கும்போது போன் அடித்தது. பரமேஸ்வரன்.

"போய்ச் சேந்துட்டியா?"

"சேந்துட்டேன். தவுக்கே என்ன சொன்னாரு?"

"அம்மா, அப்பா எல்லாரையும் இழுத்துத் திட்டுனாரு. அம்பது நிமிஷம் லேட்டு."

"நாளைக்கு?"

"நாளைக்கும் கட்டுவேன்." பிறகு, "பயமா இருந்துச்சா?" என்றான்.

"இருந்துச்சு. நாளைக்கும் இருக்கும்," என்றாள் குமுதா. "போனை வெய்ங்க, ரெண்டாவது ட்ரிப்புக்கு நேரமாச்சு."