ஆண்ட்ரூ போட்ட கோடு

ஆண்ட்ரூ சுவரில் எந்த உயரத்துக்குக் கோடு போட்டாரோ, அடுத்து வந்த வெள்ளம் சரியாக அந்த உயரத்துக்கு வந்து நின்றது. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடலூரில் கெடில ஆற்றங்கரையை ஒட்டிய அந்தோணியார் தெருவில் இதைப் பார்க்காதவர் யாரும் கிடையாது. டேப் பிடித்து அளந்தே பார்த்துவிட்டார்கள். தக்காளி விலை ஏறினால் ஒரு வாரம் அதையே பேசுகிற தெரு அது. இந்தச் சங்கதியை மட்டும் இரண்டு நாளுக்கு மேல் பேசவில்லை. பேசிக்கொண்டிருக்க நேரம் ஏது, கட்டிலையும் கிரைண்டரையும் பரணில் ஏற்றுகிற வேலை கிடந்தது.

ஆண்ட்ரூ சுவர் விளம்பரம் எழுதுகிறவர். மஞ்சக்குப்பத்தில் காலி காம்பவுண்டு சுவர் எது கண்ணில் பட்டாலும் அதில் அவர் கையெழுத்து இருக்கும், ஜவுளிக்கடையோ சிமெண்டோ கட்சி மாநாடோ. நூல் பிடிக்காமல் நூறடிக்கு நேர்க்கோடு இழுப்பார், அப்படி ஒரு கை. அந்தக் கைதான் வினையாகப் போனது. முதல் வருஷம் தெருவுக்குள் வந்த வெள்ளம் கணுக்கால் அளவுதான். கணுக்கால் தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். அரிசி மூட்டையும் தையல் மிஷினும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டும் தரையில்தானே இருக்கின்றன? எல்லாம் போயிற்று. வெள்ளச் சேதம் கணக்கெடுக்க வந்தவர் சுவர்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தண்ணிக் கோடு முட்டிக்குக் கீழ இருந்தா நிவாரண லிஸ்ட்ல ஏறாதுங்க. மேலேர்ந்து அப்படித்தான் வந்திருக்கு. நாளைக்கு போட்டோ எடுக்க வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன், பாவம், அவர் கையில் டேப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

கொத்தனார் கதிர்வேல்தான் அந்த யோசனையைச் சொன்னது. "மச்சான், நீ போட்டா நிஜக் கோடு தோத்துப் போவும். முட்டி வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்துடு." ஆண்ட்ரூ டீக்கடையிலிருந்து வடிகட்டிய தூளை வாங்கிவந்து, ஆற்று வண்டலோடு பசை கலந்து, ஸ்பாஞ்சில் தோய்த்து ஒற்றி ஒற்றி எடுத்தார். மேல் விளிம்பு மட்டும் கொஞ்சம் கறுப்பு. அங்கங்கே ஆகாயத்தாமரை வேர் ஒன்றிரண்டை ஒட்டவைத்தார். பொழுது சாய்வதற்குள் இருபத்திரண்டு வீடும் முடிந்தது. கருவாடு விற்கிற தைலம்மாள் மட்டும், எனக்கு நாலு விரல் ஜாஸ்தியாவே போடுய்யா, ஒண்டிக்கட்டை, என்றாள். போட்டார். ஆண்ட்ரூவின் மனைவி வியாகுலமேரிக்குப் பிடிக்கவில்லை. "பொய்ய வாயால சொன்னா காத்துல போயிடும். நீ சுவத்துல எழுதி வக்கிற" என்றாள். நிவாரண அரிசி வந்தபோது அவளும்தான் பை கொண்டுபோனாள், வேறென்ன செய்வாள்.

மறு கார்த்திகையில் தண்ணீர் முட்டி வரைக்கும் வந்து கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தைலம்மாள் வீட்டுக்குள் மட்டும் நாலு விரல் ஜாஸ்தி. கதவு ஆவென்று திறந்துதான் கிடந்தது, ஆனாலும் உள்ளே இருந்த அந்த நாலு விரல் தண்ணீர் வாசலைத் தாண்டி வழியவில்லை, வெட்டி வைத்த அல்வா மாதிரி நிலைப்படியில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் ஆண்ட்ரூ ஆசிட் ஊற்றிக் கோட்டைத் தேய்த்தார், சுண்ணாம்பு அடித்தார், எனாமல் பூசினார். ஓதம் ஏறுகிற மாதிரி மறுநாளே கோடு மேலே வந்துவிட்டது. கதிர்வேல் பூச்சைக் கொத்தி எடுத்துப் பார்த்தார். உள்ளே செங்கல்லிலும் அதே உயரத்தில் கோடு இருந்தது.

தெருவைக் காலி செய்துகொண்டு போயிருக்கலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எங்கே போவது? மேட்டுப் பக்கம் வாடகை கேட்டால் தலை சுற்றுகிறது. அந்த வருஷம் கணக்கெடுக்க வந்தவர், முட்டியெல்லாம் இப்போ சாதாரணமாப் போச்சுங்க, இடுப்புக்கு மேல இருந்தாத்தான், என்றார். நிஜமாகவே முட்டி வரைக்கும் மூழ்கி எல்லாம் இழந்து நிற்கிற தெருவைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். தெருக்காரர்கள் ஆண்ட்ரூவின் வாசலில் வந்து நின்றார்கள். கோடு போட்டால் தண்ணீர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்கள், தெரிந்தேதான் போட்டார். வருகிற தண்ணீர் அடுத்த வருஷம் வரும், அடுப்பு இன்றைக்கு எரியவேண்டும். இடுப்புக்குப் போட்டார், இடுப்புக்கு வந்தது. அதற்கடுத்து நெஞ்சு என்றார்கள். நெஞ்சுக்கும் போட்டார்.

நெஞ்சளவு வெள்ளம் வந்த வருஷம் ஜனங்கள் முன்கூட்டியே மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். தைலம்மாள் தன் இரண்டு ஆடுகளைப் பரணில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினாள். கூன் விழுந்த உடம்பு, நிமிர்ந்து நின்றாலே ஆண்ட்ரூவின் நெஞ்சுக்குத்தான் வருவாள். அவள் வீட்டில் நாலு விரல் ஜாஸ்தி வேறு. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது ஆடுகள் பரணில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஆண்ட்ரூ அவள் காலடியில் உட்கார்ந்து, நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன், என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அடக்கம் முடிந்த மறுநாள் பிரஷ், ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் ஆற்றில் எறிந்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, புருஷனும் பெண்சாதியும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

சிதம்பரத்தில் மகள் சகாய பிரியா இருந்தாள். மருமகன் லியோ அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஓடையை ஒட்டிய எட்டு வீட்டு வரிசையில் கடைசி வீடு அவர்களுடையது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பேத்தி நித்யா மேரிக்கு அப்போது பத்து மாசம். தாத்தா குரல் கேட்டால் போதும், இரண்டு கையையும் தூக்கிவிடும். அடுத்த மழைக்காலம் வரைக்கும் ஆண்ட்ரூ அந்தக் குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரவும் மாட்டார்.

கார்த்திகை மழையில் ஓடைத் தண்ணீர் வரிசைக்குள் வந்தது. இங்கேயும் கணுக்கால் அளவுதான். லியோ பழுது பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஜெராக்ஸ் மிஷின் நனைந்து போயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசில் அடித்தது. கணக்கெடுக்க வருகிறவர் வியாழக்கிழமை வருவார் என்றும், இந்த வருஷம் கழுத்து வரைக்கும் கோடு இருந்தால்தான் சேர்ப்பார் என்றும் சேதி வந்தது. கடலூர் சங்கதி இங்கே எட்டாமல் இருக்குமா? முதல் வீட்டு தட்சிணாமூர்த்தி தலைமையில் வரிசையே வந்து நின்றது. ஆண்ட்ரூ முடியாது என்றார். ஒரு கிழவி செத்தது போதும் என்றார். லியோ, "மாமா, உங்களச் சொல்லி என்ன. வேற வழி இருந்தா கேப்பமா?" என்றான். பிரியாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "போட்டுடுப்பா. புள்ளைக்கு ஊசி போட்டே ஆவணும். அடுத்த தண்ணிய அப்புறம் பாத்துக்கலாம்." பெற்ற மகள் கேட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வங்கக் கடலில் அடுத்த தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டதாக அன்று மத்தியானம் டிவியில் சொன்னார்கள். சுவரில் கழுத்துக்குப் போட்டால் இரண்டே நாளில் இந்தக் கூரைக்குக் கீழே கழுத்தளவு தண்ணீர் நிற்கும், பரண்கூட இல்லாத வீடு. ஆண்ட்ரூ யோசித்தார். சுவரில் போட்டால் சுவரைத் தேடி வருகிறது, ஆள்மேல் போட்டால் ஆளைத் தேடித்தானே வரும்? கொல்லைப் பக்கம் போய், சேற்றை விரலால் தொட்டு, தன் கழுத்தைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டார். புதன்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. வரிசைக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை. தெரு நடுவில் ஆண்ட்ரூ மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். அவர் நடந்தால் அதுவும் நடந்தது. அந்தத் தண்ணீரோடு எட்டு வீட்டுக்கும் போய், வெளிச்சுவர் ஒவ்வொன்றிலும் முதுகைச் சாய்த்துச் சாய்த்து அசல் கோடு பதித்துவிட்டு வந்தார். வியாழக்கிழமை வந்தவர் டேப்பைப் பிடித்துப் பார்த்து, கச்சிதமா இருக்கு, என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரையும் எழுதிக்கொண்டார். குழந்தைக்கு ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. தை பிறக்கும்வரை ஆண்ட்ரூவைச் சுற்றித் தண்ணீர் இருந்தது. குழந்தை கையைத் தூக்கும், அவர் பின்னால் நகர்ந்துகொள்வார். வியாகுலமேரி வாசலில் நின்றபடி ஒரு நீளக் கரண்டியால் அவருக்குச் சோறு ஊட்டினாள்.

அடுத்த வருஷம், கோடு ஆள் தலைக்கு மேலே இருந்தால்தான் லிஸ்டில் ஏறும் என்று வந்தது.

எட்டு வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து நின்றார்கள். இந்தத் தடவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றார்கள். தட்சிணாமூர்த்தி மட்டும், "உங்களுக்குத் தெரியாததில்ல, சார்" என்று முனகிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆண்ட்ரூ சலூனுக்குப் போய்த் தலையை மழித்துக்கொண்டு வந்தார். தன் உச்சந்தலை தனக்குத் தெரியாதே, மகளைக் கூப்பிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிரியா, மாட்டேன், செத்தாலும் மாட்டேன்பா, நாங்க பட்டினி கெடந்து சாவுறோம், என்று கத்தினாள். குழந்தை மிரண்டுபோய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மூன்று வயசு ஆகப்போகிறது, எப்போதும் ஓடைப் பக்கம்தான் ஓடும். ஆண்ட்ரூ குழந்தையை விரலால் காட்டினார். "இது என்ன உசரம் இருக்கும்னு நெனக்கிற? சுவத்துல போட்டா இது எங்கம்மா நிக்கும்?" என்றார். பிரியா சேற்றைத் தொட்டாள். அவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலைக்கு மேல் கொண்டுபோய், ஒரே இழுப்பில் நேராக இழுத்தார்.

மூன்று நாள் மழை. வரிசை காய்ந்து கிடந்தது, ஆண்ட்ரூவின் தலைக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. முதல் நாள் வாயிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது. எட்டு வீட்டுச் சுவரிலும் சாய்ந்து கோடு பதித்தார். இரண்டாம் நாள் குமிழி குறைந்தது. மூன்றாம் நாள் வரவில்லை. ஆனால் கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பினார். வியாகுலமேரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது கையை ஆட்டி, அழாதே, என்று காட்டினார். சர்ச் சாமியாரைக் கூப்பிடலாமா, டாக்டரைக் கூப்பிடலாமா என்று தெரியாமல் லியோ இரண்டு பேரையும் அழைத்துவந்தான். இரண்டு பேரும் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, சாப்பிடுகிறாரா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சாப்பிடவில்லை, ஆனால் சோறு கேட்கவும் இல்லை.

கணக்கெடுக்க வந்தவர் எட்டுச் சுவரையும் அளந்தார். கடைசி வீட்டு வாசலில், தண்ணீருக்குள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஆண்ட்ரூவைப் பார்த்து வணக்கம் வைத்தார். அவரும் உள்ளிருந்து கையைக் குவித்தார். கணக்கெடுப்புப் பாரத்தில் 'இறந்தவர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. வந்தவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு பிரியாவைப் பார்த்தார். பிரியா அப்பாவைப் பார்த்தாள். நித்யா மேரி அந்தத் தண்ணீரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது, அந்தப் பக்கத்திலிருந்து அவரும் தன் கையை வைத்திருந்தார். இல்லைங்க, என்றாள் பிரியா. வந்தவர் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.