வைஃபையில் என் பங்கு

எங்கள் வீட்டில் வைஃபை ஒன்று, அண்ணன் ஒருவன். இரண்டையும் பார்த்துத் தனித்தனியாக நான் வயிறெரியத் தேவையில்லாமல் இருந்தது. வைஃபை மொத்தமும் அவனிடம்தான் இருந்தது.

அவன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். அவன் மீட்டிங்கில் உட்கார்ந்தால் என் போனில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். இந்த நிலையில்தான், என்னையும் மதித்துக் கூப்பிட்டிருந்த ஒரே கம்பெனி வியாழக்கிழமை வீடியோவில் இன்டர்வியூ வைத்தது. நான் பாகம் பிரிக்கச் சொன்னேன்.

"வைஃபைக்கு எதுக்குடா பாகப்பிரிவினை?" என்றார் அப்பா.

"ஆளுக்குச் சமமா இருக்கட்டும்ப்பா. நானும் இந்த வீட்டுப் பிள்ளைதானே?"

அண்ணன் சிரித்துக்கொண்டே ரவுட்டரில் வேகத்தை ஐந்து பங்காக வெட்டினான். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான். நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் அம்மா வாயைத் திறந்தாள்.

"என் பங்கைப் பெரியவனுக்கே குடுத்துடுப்பா. உழைக்கிற பிள்ளை."

அண்ணியின் பங்கு எந்தப் பக்கம் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டன் போனைத் தவிர வேறெதையும் தொடாத அப்பா, "என்னோடது சும்மா கிடக்கட்டும். யாருக்கும் கிடையாது" என்று காலி மனைக்கு வேலி போடுவதுபோல் போட்டுவிட்டார்.

ஆக, அவனுக்கு மூன்று, எனக்கு ஒன்று. அதுவரை அநியாயமாக நடந்தது, இப்போது முறைப்படி நடந்தது.

வியாழக்கிழமை, இன்டர்வியூ எடுத்த மேடம் முதல் கேள்வியிலேயே வாய் திறந்தபடி உறைந்துபோனார்.

"தம்பி... கேக்... உங்க..."

"ஹலோ மேடம்! ஹலோ!"

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். சிரிப்பில்கூட ஒரு வெட்டு இல்லை. நான் இன்னும் பலமாக ஹலோ என்று கத்தினேன். சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"எல்லாத்தையும் உன் பக்கம் மாத்திட்டேன். அப்பாவோடதும் சேத்துதான், அவர்கிட்ட உளறிடாதே."

"உன் மீட்டிங்?"

"பாதியில வந்துட்டேன். திட்டு வாங்கிக்கிறேன், விடு. அங்க பாருடா, மேடம் அசையறாங்க!"

வேலை கிடைத்தது. அம்மா உடனே சித்திக்குப் போன் போட்டாள். "எல்லாம் பெரியவனாலதான்டி! தம்பிக்காகத் தன் மீட்டிங்கையே விட்டுட்டான், தங்கம்!"

நன்றி சொல்ல அவன் அறைக்குப் போனேன். "போடா, இதுக்கெல்லாமா" என்று அதையும் வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிட்டான். இனி அவனைத் திட்டுவதற்கு என்னிடம் ஒரு காரணம்கூட இல்லை. இதைவிடப் பெரிய கெடுதலை எந்த அண்ணன் தம்பிக்குச் செய்துவிட முடியும்?