மிளகு மணம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொண்டு வசதியாக உட்காருங்கள். ஒரு சட்டி நண்டு ரசத்தின் கதை சொல்லப்போகிறேன். நாக்கில் எச்சில் ஊறினால் என்னைத் திட்டக்கூடாது.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே வயல்வேலைக்காரர்கள் தெரு ஒன்று. கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. ஆனால் களத்தில் கூலி அளக்கிற மரக்கால் மாறவில்லை. கூலியைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று அறுப்பு நேரத்தில் தெருவே உட்கார்ந்துவிட்டது.

அப்போது ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். வழக்குத் தீரும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. அரிசி, நொய், உப்பு, எது இருந்தாலும் சங்கக் கொடிக்கம்பத்தடியில் வைத்த பொது அண்டாவுக்கு வந்துவிட வேண்டும்.

"இருக்கறவன் திங்க இல்லாதவன் பாத்துக்கிட்டிருந்தா, இல்லாதவன்தான் மொதல்ல வயல்ல எறங்குவான்" என்றார் சங்கத்து வீரையன். கஞ்சி கிண்டுகிற வேலையும் அவருடையதுதான்.

அதே தெருக் கண்ணாத்தாளும் பானையைக் கவிழ்த்துக் கடைசி அரிசிவரை கொடுத்தாள். முந்தானையில் முடிந்திருந்த மிளகை மட்டும் கொடுக்கவில்லை. கஞ்சிக்கு மிளகு எதற்கு என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பசி அவளுக்குப் புதிதில்லை. கைதான் சொன்னபடி கேட்கவில்லை. வீரையனின் கஞ்சியைப் பார்க்கப் பார்க்க, எதையாவது நசுக்கித் தாளிக்க வேண்டுமென்று விரல்கள் துறுதுறுத்தன.

ஒரு காலையில் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் வந்தாள்.

"கண்ணாத்தா, நாலு மெளகு இருக்குமாடி? பொம்பளப் புள்ள இருமி இருமி நெஞ்சே தெறிச்சுரும்போல இருக்கு."

"எங்கக்கா இருக்கு? வீடே தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு."

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. ரெங்கம்மாளும் நம்பிப் போய்விட்டாள்.

அன்று மதியமே வரப்பு வளையில் கண்ணாத்தாளுக்கு நண்டு அகப்பட்டது. கதவைச் சாத்தினாள். அம்மிச் சத்தம் கேட்குமென்று மிளகைத் துணியில் வைத்து நசுக்கினாள். புகை தெரியக்கூடாதென்று காய்ந்த சிம்புகளாகப் பார்த்து அடுப்பில் வைத்தாள். ரசம் நுரைகட்டி எழும்பியபோது, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஆவியில் முகத்தைக் காட்டினாள். எத்தனை சந்தோஷம்!

சத்தத்தை அடக்கினாள், புகையை அடக்கினாள். மணத்தை என்ன செய்வாள்? ஆதிக் காட்டில் எவளோ ஒருத்தி முதன்முதலாகக் கிழங்கை நெருப்பில் போட்டாளே, அவளா கூவிக் கூப்பிட்டிருப்பாள்? வாசம்தான் போய்க் கூப்பிட்டிருக்கும். இருட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாசத்தைப் போய்க் கதவுக்குள் பூட்டப் பார்த்தாள் இவள்.

வெளியே ஒரு பிள்ளை இருமியது. பின்னாலேயே ரெங்கம்மாளின் குரல்.

"மெளகு வந்துருச்சா, கண்ணாத்தா?"

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் கண்ணாத்தாளால் தாங்க முடியவில்லை.

சட்டியோடு கதவைத் திறந்தாள். பாதித் தெரு நின்றது.

"பண்ணை வீட்டுல விருந்தோன்னு மோப்பம் புடிச்சுக்கிட்டு வந்தோம். இங்கதானா?" என்றான் ஒருவன்.

கண்ணாத்தாள் வாசலிலேயே குந்தினாள். கொட்டாங்கச்சியில் ஊற்றி, ஊதி ஊதி, முதலில் அந்தப் பெண்பிள்ளைக்குப் புகட்டினாள். மீதியைக் கொண்டுபோய் அண்டாவில் கவிழ்த்தாள். வீரையன் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இப்பேர்ப்பட்ட கைய வச்சுக்கிட்டு என்னையா கிண்ட வுட்டே?"

எல்லாரும் சிரித்தார்கள். விரலை நக்கிக்கொண்டே மெச்சினார்கள். நாலு ஏச்சு ஏசியிருந்தால் தேவலையே என்றிருந்தது அவளுக்கு. அவள் பங்கு ஆறிக்கொண்டு கிடந்தது.

"குடிடி" என்றாள் ரெங்கம்மாள். "நாளையிலேருந்து அண்டாகிட்ட நீதான் நிக்கணும்."

குனிந்த தலையோடு குடித்தாள். உப்பும் சரி, உறைப்பும் சரி. அவளுக்குத்தான் ருசிக்கவில்லை.

கூலி ஒருவழியாகக் கூடியது. வீட்டுக்கு வீடு அடுப்பும் எரிந்தது. சமைக்கும்போது கண்ணாத்தாள் பிறகு கதவைச் சாத்தியதே இல்லை. ஆனாலும், அந்தப் பெண் வளர்ந்து புருஷன் வீட்டுக்கு வாழப்போகும்வரை, அது இருமும்போதெல்லாம் இவள் தலை தானாகக் குனியும்.

நல்லது கண்ணுகளா. உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் மிளகு குறையாதிருக்கட்டும். கேட்டு வந்தவரிடம் இல்லையென்று சொல்லாத வாய் உங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கட்டும்.