ரெகுலேட்டரை மாற்றத் தெரிந்தவள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அரிசோனா பாலைவனத்தில், வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீடான என் ட்ரெய்லரை நிறுத்தியிருந்த ஒரு ஜனவரியில், தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில், வயதான பெண் ஒருத்தி தன் ட்ரெய்லரின் முன்னால் மண்டியிட்டு, காஸ் இணைப்பின் மேல் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தாள். குமிழி எதுவும் வரவில்லை. கசிவு இல்லை என்று அர்த்தம். யாராக இருந்தாலும் நிம்மதியாக எழுந்திருப்பார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் பெயர் உட்பட மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலைவனத்தில் குளிராது என்று நினைப்பவர்கள்...' (வேண்டாம், பாடம் எடுப்பது போலிருக்கிறது.) பிறகு: 'ஆர்டிஸ் கோல்ஸ்டாடைத் தனிமை...' (அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் மீதிக் கதை எதற்கு?)

கடைசியில் நின்றது இது: ஆர்டிஸின் அடுப்பு சரியாக எரியவில்லை.

2

பனி கொட்டும் வடக்கு டகோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் ஆர்டிஸ். தங்கை வெர்னாவும் அவளும் சேர்ந்துதான் அந்த ட்ரெய்லரை வாங்கினார்கள், குளிர்காலம் தோறும் தெற்கே போகலாம் என்று. முதல் பயணத்துக்கு முன்பே வெர்னா ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரிலேயே தங்கிவிட்டாள். இரண்டாவது படுக்கையில் ஆர்டிஸ் இப்போது துணி மடித்து வைக்கிறாள்.

அடுப்பில் ஒரு பர்னரை ஏற்றினால் எரிந்தது. இரண்டாவதை ஏற்றினால் இரண்டும் சுருங்கின. அறையைச் சூடாக்கும் காஸ் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் காபிப் பாத்திரத்தின் அடியில் இருந்த நெருப்பு அணைந்தே போனது. பக்கத்து ட்ரெய்லர்க்காரர் மெர்ல் ஸ்ட்ராண்ட் அதைக் கேள்விப்பட்டு, கூப்பிடாமலே வந்தார். மனைவி இறந்த பிறகு தனியாக அலைபவர். வலது கண்ணில் புரை.

"காபி போடத் தெரியாம காஸைக் குறை சொல்றீங்களா, அம்மணி?" என்றார்.*

"குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

அவர் சிலிண்டரை மூடி, சற்றுப் பொறுத்து, வால்வை மிக மெதுவாகத் திறந்தார். சடாரென்று திறந்தால், கசிவு என்று எண்ணி வால்வு காஸைத் தானே அடைத்துவிடும். அன்றைக்கு இரண்டு பர்னரும் எரிந்தன. காபி குடித்தார். தன் மனைவி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தே பாதி நாட்டைச் சுற்றிக்காட்டிய கதையைச் சொன்னார். மறுநாள் காலை நெருப்பு மறுபடி சுருங்கியது. மெர்ல் மறுபடி வந்தார்.

* (அவர் அவளைக் கூப்பிட்ட சொல்லில் பாதி கேலி, பாதி மரியாதை. தமிழில் 'அம்மணி'யைவிடப் பக்கமாக எனக்கு எதுவும் அகப்படவில்லை.)

3

இந்த இடத்தில் எனக்கு ஆர்டிஸ் மேல் சந்தேகம் வந்தது. இத்தனை வருடம் பேருந்து ஓட்டியவளுக்கு, பனியில் நின்றுபோன எஞ்சினைக் கிளப்பத் தெரிந்தவளுக்கு, ரெகுலேட்டர் செத்துவிட்டது என்று தெரியாமலா இருக்கும்?

தெரியும். மூன்றாம் முறை அவர் வந்து போன அன்றே டவுனுக்குப் போய்ப் புது ரெகுலேட்டர் வாங்கிவந்துவிட்டாள். துணிகளுக்கு அடியில் வைத்தாள். காலையில் நெருப்பு சுருங்கியதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

(அவளை நல்லவளாகக் காட்ட இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

4

பிறகு குளிர் கடுமையானது. ஹீட்டர் பற்றிப் பற்றி அணைந்தது. கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு படுத்தாள். காலையில் வந்த மெர்ல் காபியைத் தொடவில்லை.

"இது சரிப்படாது. நாளைக்கு விடிஞ்சதும் நானே டவுனுக்குப் போய் புதுசு வாங்கிட்டு வரேன்."

"உங்க கண்ணு..."

"ஒண்ணு நல்லாத்தானே இருக்கு. நீங்க இங்க வெறச்சுக் கிடக்கீங்கன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

லாரிகள் பறக்கும் சாலை அது. இங்கே வந்து புரை முற்றியதிலிருந்து அவர் வண்டி ஓட்டுவதையே விட்டிருந்தார்.

அவர் போனதும் துணிகளை விலக்கி எடுத்தாள். சிலிண்டர்கள் இரண்டையும் மூடினாள். அடுப்பை ஏற்றிவைத்து, குழாயில் மிச்சமிருந்த காஸை எரித்துத் தீர்த்தாள். ஒரு ஸ்பேனரால் குழாயைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பழைய ரெகுலேட்டரைக் கழற்றினாள். அதன் மூச்சுத் துளையை மண் அடைத்திருந்தது. புதியதைத் துளை கீழே பார்க்கும்படி பொருத்தி, முறுக்கி, வால்வை மெதுவாகத் திறந்தாள். சோப்புத் தண்ணீர் தடவினாள்.

நான் பார்த்தது அப்போதுதான்.

எழுந்து உள்ளே போய் எல்லா பர்னரையும் ஏற்றினாள். நீலமாக, நிமிர்ந்து எரிந்தன. ஹீட்டரும் அணையாமல் ஓடியது. அந்தச் சின்ன அறை சீக்கிரமே சூடாகிவிட்டது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

5

ஒரு முடிவு: அவள் போய்த் தட்டியதும் கதவைத் திறந்த மெர்லும் ஒரு புது ரெகுலேட்டரை ஒளித்து வைத்திருக்கிறார், அவளைப் போலவே. எழுதிப் பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது. அதனாலேயே நம்பவில்லை.

இன்னொன்று: 'கடையிலிருந்து ஆள் வந்து மாற்றிவிட்டான்' என்கிறாள். அவர் நம்புகிறார். விடிந்தால் வண்டி எடுக்க மாட்டார். காபிக்கும் வரமாட்டார்.

இன்னொன்றில் அவள் உள்ளதைச் சொல்கிறாள். அதில் மெர்ல் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவு. சூரியன் இறங்குகிறது. இரண்டு ட்ரெய்லருக்கும் நடுவே உள்ள சரளைக்கற்களைக் கடந்து போய் அவள் அவருடைய கதவைத் தட்டிவிட்டாள். மெர்ல் திறந்துவிட்டார். அவள் விரல்களில் பிசுக்கு, கோட்டில் காஸ் வாடை. அவர் நல்ல கண்ணால் அதைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மணி?" என்கிறார்.

அவள் வாயைத் திறக்கிறாள். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள், வெளியே குளிர் ஏறுகிறது.