சாம்பல் பொட்டு

மலை மேல் இருக்கும் கரடியூரில் மழை வலுத்தால் மரக்கிளை முறிந்து கம்பி மேல் விழும்; கரண்ட் போகும். அதற்காகத்தான் கௌரி பாடுபட்டு ஓர் ஏற்பாட்டைச் செய்தாள்.

ஆபீஸ் பெங்களூரில்; அவள் வேலை பார்ப்பது கரடியூர் வீட்டிலிருந்து. கொடுத்த லேப்டாப் ஓட்டை. அதனால் வேலை முழுவதையும் கம்பெனி மும்பையில் வாடகைக்கு எடுத்திருந்த சர்வருக்கே கொண்டுபோனாள். அதற்குள் ஆளுக்கொரு கன்டெய்னர், தனித்தனி அறை மாதிரி. ஒருவர் கைபட்டு இன்னொருவர் வேலை கெடாது. எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக உள்ளே போனால் எல்லாம் தயாராக இருக்கும். லைன் அறுந்தாலும் உள்ளே ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். மேனேஜர் பிரகாஷ் டீம் மொத்தத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார். மேலிடத்தில் தன் யோசனை என்றும் சொல்லிக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது. செல்போன் டவரும் படுத்தது. இரண்டும் திரும்பி வந்தபோது அவள் ஓடவிட்ட மென்பொருள் சோதனை முடிந்து காத்திருந்தது. பிரகாஷின் போனும் வந்தது.

"கௌரி, ஆபீஸ் சாட்ல உங்க பேருக்குப் பக்கத்துல இருக்கற பச்சைப் பொட்டு சாம்பலாயிருச்சு. உங்களுக்கு அரை நாள் லீவு போட்டிருக்கேன். இது அடிக்கடி நடக்குது. அடுத்த மாசம் பெங்களூர் வந்துருங்க."

"ஏனுங்க, வேலை நின்னுச்சுங்களா?"

"நிக்கல. ஆனா நீங்க இல்லையே."

"நம்ம டீம் சந்தோஷு மவுசைக் கைக்கடிகாரத்து மேல வெச்சுட்டு டீக்கடைக்குப் போறானுங்க. முள்ளு ஓட ஓட மவுசு அசையறதாக் காட்டும், அவன் பொட்டு பச்சை. அவன் இருக்கானுங்களா?"

"அடுத்தவங்களப் பத்திப் பேசாதீங்க."

கௌரி போனை வைத்தாள். கணவன் செல்வராஜுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் லாட்ஜ் வேலை. மகள் மூன்றாம் வகுப்பு. ஒரு பொட்டுக்காகக் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டுமாம்.

"நீயும் ஒரு வாட்ச் வாங்கி வெச்சுக்க புள்ள," என்றான் செல்வராஜ்.

"லைனே இல்லீன்னா வாட்ச் என்ன பண்ணும்? அதுவுமில்லாம, வேலை செஞ்சவ நானு. நான் எதுக்குத் திருட்டுத்தனம் பண்ணோணும்?"

வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளருக்கு வேலையை ஒப்படைக்கும் நாள். பெங்களூரில் ரோடு தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். ஆபீஸ் முழுக்கச் சாம்பல். பச்சையாக இருந்தது கரடியூர் மட்டும். அவரவர் ஓடவிட்டது கன்டெய்னருக்குள் ஓடி முடிந்தது. கௌரி எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாள்.

"நல்லவேளை," என்றார் பிரகாஷ் போனில்.

"அப்ப இன்னைக்கு எல்லாருக்கும் அரை நாள் லீவுங்களா?"

"சேச்சே, இது டெக்னிக்கல் பிரச்சினை."

அந்தப் பேச்சுதான் அவளைக் கிளப்பிவிட்டது. மலையில் மரம் விழுந்தால் ஆளில்லை, பெங்களூரில் கேபிள் அறுந்தால் டெக்னிக்கல் பிரச்சினை! மேலதிகாரிகளும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினாள்: "பொட்டு சாம்பலானதால் செவ்வாய்க்கிழமை எனக்கு அரை நாள் லீவு போட்டு, பெங்களூர் வரச் சொன்னார்கள். இன்று மேனேஜர் உட்பட எல்லோர் பொட்டும் சாம்பல். எல்லோருக்கும் லீவா, எனக்கு மட்டும்தானா?"

முதலில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவன் சந்தோஷ். அடுத்து பிரகாஷ் கூப்பிட்டார்.

"இதையெல்லாம் குரூப்ல போடலாமா? சரி, பெங்களூர் வர வேண்டாம். விடுங்க."

"வாயில சொன்னாப் பத்தாதுங்க. அங்கயே எழுதுங்க."

எழுதினார். அரை நாள் லீவை மட்டும் திருப்பித் தரவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அதே குரூப்பில் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.