வண்டிக்குள் இன்னொருவன்

விவேக் நகர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது லாவண்யாவின் கைபேசி ஒளிர்ந்தது.

"ஏசியைப் பதினெட்டுல வைக்காத. உனக்கு சைனஸ் வந்துடும்."

அனுப்பியவன் கவியரசன். அவனை விட்டு வந்து நான்கு மாதமாகிறது. லாவண்யா காரின் திரையைப் பார்த்தாள். பதினெட்டு என்றுதான் இருந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. வண்டிக்குள் அவளைத் தவிர யாருமில்லை. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் பச்சையானது அவளுக்குத் தெரிந்தது.

இந்த நான்கு மாதத்தில் அவள் இரண்டு விடுதிகளில் தங்கிப் பார்த்தாள். இரண்டிலும், குடிபோன மூன்றாம் நாளே எதிர்ச்சாரியில் அவன் நின்றான். சத்தம் போட்டதில்லை, கிட்டே வந்ததுமில்லை. ஒரு மணி நேரம் நிற்பான், போய்விடுவான். விலாசத்தை யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்து யோசித்து, கூட வேலை பார்க்கும் ஷில்பாவாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி அவளோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.

இப்போது புரிந்தது. வண்டி வாங்கிய அன்று அதன் செயலியை அவன் தன் போனில்தான் போட்டுக்கொண்டான். "உனக்கு எதுக்கு இதெல்லாம்? நான் பாத்துக்கறேன்" என்றான். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

போன மாதம் பேட்டரி மாற்றிய கடை பக்கத்துப் பேட்டையில், அடுகோடியில் இருந்தது. அங்கே வண்டியைத் திருப்பினாள். திரும்பியதும்கூட இந்நேரம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கடையை நடத்துபவள் ஜோசஃபின். நாற்பது வயதிருக்கும். வண்டிகளின் மின்வேலை பார்ப்பதில் அந்தத் தெருவில் அவளுக்குப் பெயருண்டு.

"அக்கா, இந்த வண்டியில இருக்கறத எல்லாம் அழிச்சிடணும்."

"இன்னா ஆச்சு மேடம்? ஸ்கிரீன் ஹேங் ஆவுதா?"

"இல்லக்கா. இந்த வண்டி எங்க போவுது, உள்ள ஏசி எவ்ளோ, எல்லாம் இன்னொருத்தர் போன்ல தெரியுது."

"யாரு போன்ல?"

"புருஷன். கோர்ட்ல கேஸ் நடக்குது."

ஜோசஃபின் மேற்கொண்டு கேட்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். திரையில் இரண்டு மூன்று இடம் தட்டி, ரீசெட் என்ற பக்கத்துக்கு வந்தாள். சேமித்ததெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது.

"நீயே அமுக்கு" என்றாள்.

லாவண்யா அமுக்கினாள். திரை இருண்டது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலைந்து நிமிஷம் கழித்து, அன்றைக்குத்தான் வாங்கிய வண்டி போல வரவேற்புச் சொல்லி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. இணைத்திருந்த போன்களின் பட்டியல் காலியாக இருந்தது.

"ஆய்த்து. பேரு போச்சு பாரு."

லாவண்யாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நேரம் வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது. விளக்குகள் நான்கும் பளிச்சிட்டன. சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது.

"நான் ஒண்ணும் தொடலியே!" என்று ஜோசஃபின் இரண்டு கையையும் தூக்கினாள்.

கைபேசியில் செய்தி. "அடுகோடில என்ன வேலை? அங்கேயே இரு. வர்றேன்."

லாவண்யா அதை ஜோசஃபினிடம் காட்டினாள்.

"பயப்படாதம்மா. நாம அழிச்சது ஸ்கிரீனை மட்டும்தான். உள்ள தனியா ஒரு பெட்டி இருக்கு, சிம் போட்டது. அதுதான் அவனுக்கு சேதி சொல்லுது. அவன் போன்ல அமுக்கினா ஹாரன் அடிக்கறதும் அதுதான். அதுல பேர் மாத்தணும்னா கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவணும். ஆர்சி யார் பேர்ல?"

"என் பேர்லதான்."

"அப்ப பிரச்சினை இல்ல. திங்கக்கிழமை எழுதிக் குடு, மாத்துவாங்க. இப்போதிக்கு அது வாயைக் கட்டிடறேன்."

கவியரசன் இருப்பது பிடிஎம் லேஅவுட்டில். சனிக்கிழமை நெரிசலிலும் அரை மணிக்குள் வந்துவிடுவான்.

ஜோசஃபின் பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினாள். திரை செத்தது. "இதோட முடிஞ்சிதாக்கா?" என்று லாவண்யா கேட்டாள்.

"இல்லம்மா. அந்தப் பெட்டிக்குள்ளயே சின்னதா ஒரு பேட்டரி கீது. கொஞ்ச நேரம் உசுரோட இருக்கும்." சொல்லிக்கொண்டே முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கும் சிற்றறையைத் திருகு திருகாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

லாவண்யா தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு ஆட்டோவும் அங்கே வந்து நிற்பது போலவே இருந்தது. கைபேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போய் ஷில்பாவை அழைத்தாள்.

"ஷில்பா, நான் லாவண்யா."

"தெரியுது. சொல்லு."

"அவனுக்கு அட்ரஸ் சொன்னது நீதான்னு நெனச்சிட்டேன். கார்தான்டி சொல்லிருக்கு. இப்ப இங்க வரான்."

"அதெல்லாம் அப்புறம் சண்டை போட்டுக்கலாம். எங்க இருக்க? லொகேஷன் அனுப்பு. கிளம்பிட்டேன்."

ஜோசஃபின் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தாள். இணைப்பின் பிளாஸ்டிக் கொக்கி விடவில்லை. முனகினாள். மறுபடி நெம்பினாள். டக்கென்று ஒரு சத்தம். வெளியே எடுத்த கையில் நகம் பெயர்ந்து ரத்தம் வந்திருந்தது.

"புடுங்கிட்டேன். இனிமே அவனுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, எங்கியாச்சும் வண்டி மோதினா இது தானா உதவிக்குக் கூப்பிடாது. அத ஞாபகம் வெச்சுக்கோ."

பேட்டரியை மறுபடி பூட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ வந்து நின்றது. கவியரசன் இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை. ஆட்டோக்காரரிடம் நன்றி சொல்லிவிட்டு நிதானமாக வந்தான்.

"லாவி, இந்த மாதிரிக் கடையில எல்லாம் குடுத்தா வாரன்ட்டி போயிடும். உனக்குத் தெரியாதா?" ஜோசஃபின் பக்கம் திரும்பினான். "கழட்டினதை மாட்டிடுங்க மேடம். இது ஃபேமிலி மேட்டர்."

"நான் ஃபேமிலியைத் தொடல சார். வண்டியைத்தான் தொட்டேன். வண்டி இவங்களுது."

அவன் சிரித்தான். ஓட்டுநர் பக்கக் கதவை நோக்கி நடந்து கைப்பிடியில் கை வைத்தான். லாவண்யா போலீஸ் அவசர எண் 112ஐ அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் கன்னடத்தில் என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள். லாவண்யா பெயர் சொன்னாள், இடம் சொன்னாள். "என் புருஷன் என் காரை வெச்சு என்னைப் பின்தொடர்றார். இப்ப இங்கயே நிக்கிறார்" என்றாள்.

"உன் சேஃப்டிக்குத்தான லாவி பாத்துட்டு இருந்தேன்?" முதன்முறையாக அவன் குரல் உயர்ந்தது.

"எனக்குத் தெரியாம பாத்த."

அவன் கைப்பிடியை விட்டான். போகவுமில்லை. ரோந்து வண்டி வருவதற்கும் ஷில்பாவின் ஸ்கூட்டர் வருவதற்கும் சரியாக இருந்தது.

ஸ்டேஷனில் பெண் உதவி ஆய்வாளர் லாவண்யாவுக்குத் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசினார். பெயர், வயது, வேலை எல்லாம் எழுதிக்கொண்டார். "இப்ப எங்க தங்கியிருக்கீங்க?"

லாவண்யா முந்தின நாள்தான் மூன்றாவது விடுதிக்கு மாறியிருந்தாள். அங்கே நிறுத்த இடமில்லாததால் வண்டியை அலுவலகத்திலேயே விட்டிருந்தாள். அவனுக்குத் தெரியாமல் அந்த ஒரு விலாசம்தான் மிச்சம். அவன் நான்கடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எழுதித் தரட்டுமா மேடம்?"

உதவி ஆய்வாளர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "சார், நீங்க வெளியில இருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டரில் ஆர்சி நகலும் புகாரின் ரசீதும் வாங்கிக்கொண்டு அவன் எண்ணை நீக்கினார்கள். பெட்டியையும் மறுபடி இணைத்தார்கள். ஓடிபி லாவண்யாவின் போனுக்கே வந்தது. வண்டியை வெளியே கொண்டுவந்து சாலையோரம் நிறுத்தினாள். வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். கிளம்புவதற்கு முன்பு ஒரு முறை திரும்பிப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டாள்.